ஆனந்த நிகேதனின் பாசிட்டிவ் காயில்

ஆனந்த நிகேதன் அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனியில் என்னென்ன வைக்கலாம் என்பதற்குத் திட்டவட்டமான விதி உண்டு. துளசி வைக்கலாம். துணி உலர்த்தலாம், தெருவுக்குத் தெரியாமல். வேதாசலம் வைத்ததோ ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் குழாய். அதன்மேல் செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. இது எந்த விதியிலும் வராததால், விதிப்படி குற்றம்.

வேதாசலம் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், லைசென்ஸ் வாங்கிச் சொந்த வயர்லெஸ்ஸில் ஊர் ஊராகப் பேசும் ஹாம் ரேடியோக்காரர். தானே செய்த பெட்டியில் தினமும் காலைக் காப்பிக்கு முன் போத்தனூரிலிருக்கும் நண்பன் குமரவேலிடம் பேசுவார். போனில் எவன் வேண்டுமானாலும் பேசலாம். சொந்தப் பெட்டியில், இரைச்சலுக்கு நடுவே "தூக்கம் வந்துச்சா?" என்று கேட்பதில்தான் மனுஷனுக்கு உயிரே இருந்தது. மொட்டை மாடியில் நீள ஏரியல் கட்டக் குடியிருப்போர் சங்கம் விடவில்லை. அதனால் பால்கனியில் குட்டை ஏரியல்; குட்டையை ஈடுகட்ட அந்தக் கம்பிச் சுருள், அதாவது காயில். குகட்பள்ளியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கெஞ்சி வாங்கிய கம்பி. சுற்று நழுவாமலிருக்க மனைவி பாமாவின் நகப்பூச்சை ஒரு பாட்டில் தீர்த்துவிட்டார். பாமா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

சங்கச் செயலாளர் வரதராஜன் நேரில் வந்து பார்வையிட்டார். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்வாசி; தமிழில் தக்கனி உருது கலக்கும்.

"டெல்லியிலேயே லைசென்ஸ் குடுத்திருக்காங்க சார்," என்று காகிதத்தை நீட்டினார் வேதாசலம்.

"டெல்லி லைசென்ஸ் டெல்லிக்கு. இது என்ன பண்ணும், அதச் சொல்லுங்க."

"வெளியில இருந்து அலையை இழுக்கும்."

"பாசிட்டிவா, நெகட்டிவா?"

"ரெண்டும்தான். மாறி மாறி வரும்."

"நெகட்டிவ் நக்கோ சார். பில்டிங்ல சின்னப் பசங்க இருக்காங்க."

"பெட்டிக்குள்ள ஒரு டயோடு இருக்கு. அது ஒண்ணைத்தான் உள்ள விடும்."

"பாசிட்டிவ மட்டும்?"

வேதாசலம் வாயைத் திறந்தார். விளக்கினால் காயில் போய்விடும், குமரவேலும் போய்விடுவான். "ஹவ்," என்று செயலாளர் பாஷையிலேயே ஆமாம் போட்டார்.

மறுநாளே தீர்மானம் வந்தது: 'மேற்படி காயில் நேர்மறை அலைகளை மட்டுமே ஈர்ப்பதாக உறுப்பினர் உறுதியளித்துள்ளபடியால், குடியிருப்போர் நலன் கருதி அனுமதிக்கப்படுகிறது.'

அதைப் படித்ததும் கீழ்வீட்டார் புகார் கொடுத்தார்கள். கட்டடத்துக்கு வருகிற பாசிட்டிவையெல்லாம் ஒரே ஃப்ளாட்டுக்காரர் இழுத்துக்கொண்டால் மற்றவர்கள் என்ன செய்வது? பராமரிப்புச் செலவை எல்லோரும்தானே கொடுக்கிறார்கள்? நியாயமான கேள்விதான். சங்கம் கூடி, வீட்டுக்கொரு காயில் கட்டாயம் என்று முடிவெடுத்தது. அமீர்பேட்டிலிருந்து ஒருவர் நீல விளக்கும் குட்டி அடாப்டருமாகக் காயில் கொண்டுவந்து இறக்கினார். வேதாசலத்தைத் தொழில்நுட்ப ஆலோசகராக நியமித்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ஓய்வு பெற்ற நாளுக்குப் பிறகு அவர் தோளில் விழுந்த முதல் துணி அது. நெஞ்சு நிறைந்துபோய், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். காயில்காரர் படம் பிடித்துக்கொண்டார்.

"அது நிஜமா வேலை செய்யுமா?" என்று கேட்டாள் பாமா.

"கெடுதல் ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தால் ஒரே 'கர்ர்ர்'. வீட்டுக்கு வீடு அந்த மலிவு அடாப்டர்கள் போட்ட கூச்சலில் குமரவேல் இருக்கிற இடமே தெரியவில்லை. வேதாசலம் செயலாளரிடம் ஓடினார்.

"சார், காலையில கொஞ்ச நேரம் எல்லாக் காயிலையும் அணைச்சு வைக்கச் சொல்லுங்க."

"அணைச்சா நெகட்டிவ் உள்ள வந்துடுமே?"

"வராது சார்."

"அப்ப காயில் எதுக்கு? ஆலோசகர் நீங்களே இப்படிப் பேசலாமா?" என்றார் வரதராஜன், வருத்தத்தோடு.

அதற்குப் பிறகு வேதாசலம் கரண்ட் போகாதா என்று ஏங்க ஆரம்பித்தார். ஒரு காலை போயே போய்விட்டது. பாட்டரியில் ஓடிய பெட்டியில் இரைச்சல் அடங்கி, தெளிவாகக் குரல் வந்தது.

"வேதா, எங்கப்பா போயிட்டே இத்தனை நாளா?"

வேதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்கதான் இருக்கேன். தூக்கம் வந்துச்சா?"

"அது கிடக்கட்டும். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், எங்க அபார்ட்மென்ட்ல..."

அடித்தளத்தில் ஜெனரேட்டர் உறுமியது. 'கர்ர்ர்.' டீசல் சிக்கனம் கருதி லிஃப்டுக்கு இணைப்புத் தரக்கூடாது, குடியிருப்போர் நலன் கருதிக் காயில்களுக்குத் தரவேண்டும் என்ற தீர்மானத்திலும் வேதாசலத்தின் கையெழுத்து இருந்தது. காய்கறிப் பையோடு அஞ்சு மாடி ஏறி வந்த பாமா பையை அவர் காலடியில் பொத்தென்று போட்டாள். பின்னாலேயே மூச்சு வாங்க வந்த எதிர்வீட்டுக்காரர், தன் வீட்டில் எரியும் நீல விளக்கைப் பார்த்து நிம்மதியாகத் தலையாட்டினார்.

போன் அடித்தது. இத்தனை வருஷத்தில் குமரவேல் போனில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பாதியில கட்டாயிடுச்சு. நாளைக்கு எங்க பில்டிங்லயும் வீட்டுக்கு வீடு காயில் மாட்டறாங்க. எனக்கென்னவோ சந்தேகமாத்தான் இருந்தது. காயில்காரன் நோட்டீஸ்ல பொன்னாடையோட உன் போட்டோவப் பார்த்தேன். உடனே கையெழுத்துப் போட்டுட்டேன்."