மெட்ராஸ் பக்கத்து ஊரான வரலாறு

பூமி உருண்டை என்று சொன்னவர்களுக்குப் பிறகு, பூமி சின்னது என்று நிரூபித்த பெருமை புதுவயல் உடையப்பனையே சேரும். அரிசி மில்லில் கணக்கு பார்த்த மனிதர். அவர் போட்ட ஒரே கணக்கில் ஆத்தங்குடி தூரத்து ஊராகவும் மெட்ராஸ் பக்கத்து ஊராகவும் ஆகிவிட்டன.

மகள் அன்னக்கிளிக்கு இரண்டு வரன்கள் வந்தன. ஒன்று, மனைவி பொன்னுத்தாயியின் அண்ணன் மகன் மருது; ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறவன். இன்னொன்று, தரகர் கருத்தையா கொண்டுவந்த மெட்ராஸ் ‘ஆபீஸ் மாப்பிள்ளை’. முடிவெடுக்க வீட்டிலேயே ‘ஆலோசனைக் கூட்டம்’ கூட்டப்பட்டது. தலைமை உடையப்பன். முன்னிலையும் உடையப்பன். அன்னக்கிளி அழைக்கப்படவில்லை, அவள் சொந்த விஷயத்தில் அவளே தலையிடலாமா?

“பொம்பளப் புள்ளையக் கூப்பிடு தூரத்துல குடுக்கணும். ஒரு அவசரம்னா நான் போய்ப் பாக்க வேணாமா?” என்று பொன்னுத்தாயி ஆட்சேபணை தெரிவித்தாள்.

உடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆத்தங்குடிக்கு எப்படிப் போவ?”

“காரைக்குடிக்கு ஒரு பஸ்ஸு, அங்குட்டு ஒரு பஸ்ஸு.”

“காத்துக் கெடந்து, ஏறி எறங்க, அரை நாள் ஓடிப்போகும். மெட்ராசுக்கு எம்புட்டு நேரம்? கருத்தையாண்ணே, நீங்களே சொல்லுங்க.”

“திருச்சியில பிளேன் ஏறுனா ஒரு மணி நேரம். போட்ட வெத்தல செவக்குறதுக்குள்ள மெட்ராஸ் வந்துரும்,” என்றார் கருத்தையா. அவர் விமானத்தை ஆகாயத்தில்தான் பார்த்திருக்கிறார். அதனால் என்ன, கல்யாணத் தரகர் பொய் சொல்வாரா?

“திருச்சிக்குப் போற நேரம்?” என்று பொன்னுத்தாயி விடவில்லை.

“அது தரைக் கணக்கு. நாம பேசுறது ஆகாசக் கணக்கு,” என்று தீர்ப்பளித்தார் உடையப்பன்.

தீர்மானம் ‘ஏகமனதாக’ நிறைவேறியது. பொன்னுத்தாயி அழுதது ஆனந்தக் கண்ணீராகக் கருதப்பட்டது.

வைகாசியில் கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகு டீக்கடையில் யாராவது அடுத்த ஊரான சாக்கோட்டைக்குப் போவதாகச் சொன்னால் போதும், “அம்புட்டுத் தூரமா?” என்று உடையப்பன் உச்சுக் கொட்டுவார். “எம்மக பக்கத்துலதேன் இருக்கா. மெட்ராஸ்ல.”

ஐப்பசி மழையில் ஒரு மாலை தந்தி வந்தது. அன்னக்கிளிக்கு டைபாய்டு காய்ச்சல், அம்மாவை அனுப்பவும். உடையப்பன் அதை இரண்டு தடவை வாசித்தார். என்ன இருந்தாலும் பெற்ற மனம். பொன்னுத்தாயி அதற்குள் மஞ்சள் பையில் இரண்டு சேலையும், காய்ச்சல் வாய்க்கு நார்த்தங்காய் ஊறுகாயும் எடுத்து வைத்துவிட்டாள்.

“கெளம்புங்க, பிளேனுக்கு.”

“பிளேனுக்கா? அதெல்லாம் மந்திரிமாரு போறது. நம்மள மாதிரி ஆளுக ஏற முடியுமா?”

“அப்ப நாம எதுல போறது?”

“ரயில்லதேன். இன்னைக்கு ரயிலு போயிருச்சு. நாளைக்குச் சாயந்தரம் ஏறுனா மறுநா விடிய எறங்கலாம்.”

“அது வரைக்கும் எம்மக ஒத்தையில கெடப்பாளா?”

“என்ன செய்றது, தூரமில்ல,” என்றார் உடையப்பன். இந்த விஷயத்தில் அவர் பேசிய முதல் உண்மை அதுதான்.

பொன்னுத்தாயி பையைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“மந்திரிக்குப் பக்கமான ஊராப் பாத்துப் புள்ளையக் குடுத்திருக்கீக. அந்த மந்திரிக்கே ஒரு தந்தி அடிங்க, போய்ப் புள்ளைக்குக் கஞ்சி வச்சுக் குடுத்துட்டு வரட்டும். பெத்தவளுக்குத்தேன் தூரமாப் போச்சே.”