ஏழாம் நம்பர் மலையில் பெண் தலைமைக்கு ஆதரவு

பெண் தலைமைக்காக ஆண்கள் செய்த தியாகங்களை யாராவது பட்டியல் போட்டால், முதற்பெயர் இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலே ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்துத் தலைவர் சிவசாமியுடையதாகத்தான் இருக்கும். இதில் சந்தேகமே வேண்டாம். அப்படியொரு பட்டியலை அவரே போட்டு வைத்திருக்கிறார்.

இருபத்தொரு வருடமாகத் தொழிற்சங்கத் தலைவர். சட்டைப் பையில் மூன்று பேனா. அதில் ஒன்று எழுதும். கொழும்பு நிறுவனம் ஒன்று 'பெண் தலைவிகளுக்குத் தோள் கொடுப்போம்' என்ற திட்டத்தோடு மலையேறி வந்தபோது முதல் தோள் அவருடையதுதான். பதினொரு பேர் கொண்ட 'மகளிர் தலைமைத்துவ ஆதரவுக் குழு' அன்றைக்கே உதயமாயிற்று. பதினொரு பேரும் ஆண்கள்.

"பொம்பளைங்க ஒருத்தர்கூட இல்லையே அண்ணே?" என்று நிறுவனத்தின் திட்ட அலுவலர் டினேஷ் தயங்கிக் கேட்டார்.

"அவங்க மலையில கொழுந்து எடுக்குறாங்க தம்பி. கூட்டத்துக்கு வர நேரமில்ல. நேரமில்லாதவங்களுக்குத்தானே ஆதரவு வேணும்?"

டினேஷ் இந்த அரிய கருத்தை எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

ஆதரிப்பதற்கு ஒரு தலைவி வேண்டுமல்லவா? தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும் முப்பத்திரண்டு பெண்களும் நாகலெட்சுமி சொன்னால் கேட்பார்கள். அந்த மலையின் நடுமரத்தில் அண்டா அளவுக்கு ஒரு குளவிக்கூடு, மூன்று வருடமாக. போன வருடம் சுகிர்தம் என்ற பெண்ணைக் குளவிகள் மொய்த்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னும் யாரும் சாகாததால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் அவசரப்படவில்லை. கூட்டை அகற்றச் சொல்லி நாகலெட்சுமி ஐந்து மனு எழுதியிருந்தார். தோட்டத்து வழக்கப்படி மனு துரையிடம் நேரே போகாது, தலைவர் வழியாகத்தான் போகும். ஐந்தும் சிவசாமியின் தகரப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்தன. பெண்களின் எழுத்தை இவ்வளவு பத்திரமாகப் பேணிய ஆண்மகன் வேறு எந்தத் தோட்டத்தில் இருக்கிறார்?

ஒரு மாலை, கூடையை இறக்கிய கையோடு நாகலெட்சுமி குழுவின் முன் வந்து நின்றார்.

"தலைவரே, மனு என்னாச்சுங்க?"

"குளவியெல்லாம் சின்ன விசயம்மா. நாங்க ஒன்ன ஒலகத் தலைவி ஆக்கப் போறோம். அமெரிக்காவுல இருந்து ஒரு கறுப்பினத் தலைவி ஒன்னத் தேடி வர்றாங்க. ஒன்னோட மலையிலயே, அந்த மரத்துக்குக் கீழயே விழா."

"அதுக்குள்ள கூட்ட எடுத்துருவீங்களா?"

"எடுத்துட்டா அப்புறம் அவங்களுக்கு எதம்மா காட்டுறது?"

குழு தலையாட்டியது. நாகலெட்சுமி இறக்கிய கூடையை மறுபடி தூக்கிக்கொண்டார்.

"அப்ப ஒண்ணு மட்டும் கேளுங்க. தப்பு மேளம் அடிக்காதீங்க. வெடி போடாதீங்க. அந்த மரத்துக்கிட்ட நாங்க தும்முறதுகூட இல்ல."

"தப்பும் வெடியும் இல்லாம வரவேற்பா? அவங்க என்ன திருடவா வர்றாங்க?" என்றார் சிவசாமி. இரண்டு சோடித் தப்பு, இருபதடி சரவெடி என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

அமெரிக்கத் தலைவி டெல்பின் அம்மையார் ரயிலில் நானுஓயா வந்து, அங்கிருந்து வேனில் வந்து சேர்ந்தார். நரைத்த குட்டை முடி, உயர்ந்த உருவம். தன் ஊரில் ஆஸ்பத்திரி கூட்டித் துடைக்கும் பெண்களைத் திரட்டி இருபது வருடம் போராடியவர். உட்கார மரத்தடியில் பன்னிரண்டு கதிரைகள்; குழுவுக்குப் பதினொன்று, அம்மையாருக்கு ஒன்று. விழா நாயகி நாகலெட்சுமி ஆலாத்தித் தட்டோடு ஓரமாக நின்றார். தலைவி என்றால் நிற்கத்தானே வேண்டும்!

தொடக்கத்தில் இரண்டு சிறு சறுக்கல்கள். தப்பு அடிப்பவர்களின் மனைவிமாரும் அதே மலையில் கொழுந்து எடுப்பதால், அவர்கள் நால்வருக்கும் ஒரே நேரத்தில் கைவலி வந்துவிட்டது. சரவெடியோ விடியற்காலைப் பனியில் நமுத்துப்போய், பற்றவைத்தால் பெருமூச்சு மட்டும் விட்டது. சிவசாமி கலங்கவில்லை. வெடியை வெயிலில் காயப்போடச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

ஒரு மணித்தியாலம் ஆனதும் அம்மையார், மொழிபெயர்க்கப் பக்கத்தில் குந்தியிருந்த டினேஷிடம் குனிந்து, "நான் அந்தப் பெண் பேசுவதைக் கேட்க வந்தேன். இவர் எப்போது முடிப்பார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்னா சொல்றாங்க?" என்றார் சிவசாமி.

"ஒங்க பேச்சுல அப்படியே சொக்கிப் போயிட்டாங்களாம் அண்ணே."

சிவசாமி நெகிழ்ந்து, முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். அந்தக் கூடுதல் ஒரு மணித்தியாலத்தில் வெடி நன்றாகக் காய்ந்தது.

"இந்த நாகலெட்சுமியின் குரல் உலகமெங்கும் ஒலிக்க வேண்டும்!" என்று முழங்கி, வெடிக்காரனுக்குக் கை காட்டினார்.

"தலைவரே, வெடி வேணாங்க!" என்று கத்தினார் நாகலெட்சுமி.

"குறுக்க பேசாதம்மா. ஒன் குரலப் பத்தித்தானே பேசிக்கிட்டு இருக்கேன்!"

இருபதடியும் வெடித்தது. ஒரு கணம் மலை முழுவதும் மௌனம். பிறகு மரம் இரைந்தது.

சுற்றி நின்ற முப்பத்திரண்டு பெண்களும், இடுப்பில் கட்டியிருந்த முரட்டுச் சாக்குப் படங்கை உருவித் தலையோடு மூடிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு இடையில் தரையோடு தரையாகப் படுத்தார்கள். மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆதரவுக் குழுவும் டினேஷும்தான் ஓடினார்கள். முன்னால் ஓடியவர் சிவசாமி. தலைவர் பின்னால் ஓடுவது மரபல்ல. வேட்டி ஒரு தேயிலைச் செடியில் தங்கிவிட, அவர் மட்டும் முன்னேறி மழைநீர்க் கானுக்குள் விழுந்தார்.

வீங்கி மூடாமல் மிஞ்சிய ஒரு கண்ணால் கானிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு படங்குக்குள் நாகலெட்சுமியும் டெல்பின் அம்மையாரும் மூக்கோடு மூக்காகக் கிடந்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நாகலெட்சுமி உதட்டில் விரல் வைத்தார், அம்மையாரும் வைத்தார். டினேஷ் இல்லாமல் எவ்வளவோ பேசிக்கொள்கிறார்களே என்று சிவசாமிக்கு வருத்தமாக இருந்தது. அத்துடன் அந்தக் கண்ணும் மூடிக்கொண்டது.

கொழுந்து லொறி பன்னிரண்டு ஆண்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிற்று. தலைவருக்கே கொட்டு என்று கேள்விப்பட்ட துரை அன்றிரவே ஆட்களைப் பிடித்தார். மறுநாள் காலை மரத்தில் கூடு இல்லை.

மூன்றாம் நாள் நாகலெட்சுமி, டெல்பின் அம்மையாரோடும் ஒரு பை தோடம்பழத்தோடும் வார்ட்டுக்கு வந்தார். சிவசாமி வீங்கிய உதட்டை நன்றியுரை கேட்கும் பாவனையில் வைத்துக்கொண்டார்.

"சந்தோசமாம்மா? எல்லாம் ஒங்களுக்காகத்தான்."

அம்மையார் ஏதோ சொன்னார். அடுத்த கட்டிலில் கிடந்த டினேஷுக்கு இப்போது பொய் சோடிக்கத் தெம்பில்லை. சொன்னதை அப்படியே சொன்னார். "அவங்க ஊர்லயும் இதே மாதிரி ஒரு கமிட்டி இருந்திச்சாம் அண்ணே. ஆனா குளவி இல்லாததால இருபது வருசம் ஆச்சாம்."

"எனக்கும் சந்தோசந்தாங்க தலைவரே," என்றார் நாகலெட்சுமி. "மூணு வருசமா நாங்க கொட்டு வாங்குனோம், கூடு அசையல. நீங்க ஒரே ஒரு வாட்டி வாங்குனீங்க, மறுநா கூடே இல்ல. இது தெரியாம நான் அஞ்சு மனு எழுதிட்டேன் பாருங்க."

சிவசாமி அடக்கத்தோடு கண்ணை மூடினார். ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"அடுத்த விசயத்துக்கு மனுவெல்லாம் வேணாங்க. மலையில பொம்பளைங்களுக்குக் கக்கூசு இல்ல. காலையில ஏழு மணிக்கு ஏறுனா நாலரைக்குத்தான் எறங்குறோம். டாக்டர் ஒங்கள விட்டதும் கமிட்டி பதினொரு பேரும் ஒரே ஒரு நாளு எங்ககூட மலைக்கு வந்து, நாலரை வரைக்கும் எங்க முப்பத்திரண்டு பேருக்கு நடுவுலயே நில்லுங்க." தோடம்பழத்தை உரித்து அவர் கையில் வைத்தார். "ஏறுறதுக்கு முந்தி ஆளுக்கு மூணு கோப்ப தேத்தண்ணி நானே ஊத்தித் தர்றேன்."