சுவிஸ் அண்ணையின் சாமிப்படம்

லண்டனில் வாழ்ந்த தமிழர்களிலேயே சுவிட்சர்லாந்துக்காக அதிகம் வாதாடியவர் சுவிஸ் அண்ணைதான். அந்த நாட்டு மண்ணை அவர் மிதித்ததே இல்லை. யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். எண்பதுகளின் நடுவில், டூட்டிங்கில் ஆறு பேர் அடைந்து கிடந்த எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டியோடும் ஒரு படத்தோடும் வந்து சேர்ந்தார்.

படத்தில் இருந்தவர் பதினெட்டாம் நூற்றாண்டு சுவிஸ் கணித மேதை. தலையில் துணிக்கட்டு, வலது கண் சுருங்கிப்போயிருக்கும். அண்ணை அவரைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து நோர்பரியிலிருந்து மோதகம் கொண்டுவந்த மாமி ஒருவர், இவர் எந்த ஊர்ச் சாமியார் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படத்தின் கண்ணாடியில் திருநீறு பூசிக் கும்பிட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிக்க எங்களுக்கு அப்போது வேறு எதுவும் இருக்கவில்லை.

"பூசட்டும். ஆளுக்கு அது தகும்," என்றார் அண்ணை.

மேதை இருபது வயதில் ஊரைவிட்டு ரஷ்யாவுக்குப் போனவராம், ஊர் திரும்பவே இல்லையாம். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே கணக்குச் செய்வாராம். ஆகவே எங்கள் டிவியும் சண்டையும் அண்ணைக்கு ஒரு பொருட்டில்லை. கோர்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பார். பெட்டி காலியா என்று பார்க்கும் பழக்கம் மட்டும் கிடையாது.

அண்ணைக்குக் கிடைத்த பெட்ரோல் ஸ்டேஷன் வேலையும் மேதையால்தான் போனது. ஒன்று, நாலில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று முடிவில்லாமல் கூட்டினால் விடைக்குள் வட்டக் கணக்கின் பை என்ற எண் வந்து நிற்கும் என்பதை, சிகரெட் வாங்க வந்த வெள்ளைக்காரருக்கு விளக்கியிருக்கிறார். கார் வரிசை வீதிவரை நீண்டது. அன்றே நிறுத்திவிட்டார்கள். அந்த வெள்ளைக்காரருக்கு விளங்கிவிட்டது என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்தார்.

பிறகு நீரிழிவில் அவர் கண் மங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று என்னிடம்தான் கேட்டார். அவருக்கு இரண்டு வருஷம் முன்னால் லண்டன் வந்தவன் நான், ஆகவே எல்லாம் தெரிந்தவன்.

"வேண்டாமண்ணை. வருத்தக்காரர் எண்டு தெரிஞ்சால் அகதிக் கேஸை மறுத்துத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்," என்றேன். யாரோ பஸ்ஸில் சொன்ன கதை. முழுப் பொய்.

அண்ணை போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், ஒரு கண் போனபோது இனிக் கவனம் சிதறாது என்று மேதை சொன்னாராம் என்பார். அதற்கும் சிரித்தோம்.

கேஸ் வென்று கடிதம் வந்தபோது அதை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. மறுவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். நான் அதைத் தமிழில் சொல்லவில்லை. அண்ணைக்கு என்னைவிட நல்ல இங்கிலிஷ் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"தம்பி, அந்த மனிசன் ரெண்டு கண்ணும் போன பிறகுதான் கூடுதலா எழுதினது. அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில இருந்தவை எழுதினவை. நீ ஒரு கொப்பி வாங்கு."

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எட்டு வருஷம் அவர் சொல்ல நான் எழுதினேன். ஒரு வரிகூட விளங்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு கொப்பிகளும் படமும் என்னிடம் வந்தன. வெள்ளிக்கிழமைகளில் கண்ணாடியில் திருநீறு பூசுகிறேன். சுவிஸ்காரரை நினைத்துப் பூசுவதில்லை.