கணக்கு ஒழிக

அந்த வீட்டில் எல்லாம் தலைவர் பெயரில்தான் நடந்தது. வாசல் பலகையில் அவர் பெயர். வரி ரசீதில் அவர் பெயர். ஆட்சி மட்டும் மனைவியுடையது.

தொழிற்சங்கத் தலைவராக ஆலை வாசலில் முப்பது வருடம் முழங்கிய தொண்டை அவருடையது. அவர் கை உயர்ந்தால் ஆலைச் சங்கு எத்தனை முறை ஊதினாலும் ஒரு காலும் உள்ளே போகாது. இப்போது குழம்பில் உப்பு போதுமா என்றுகூட யாரும் அவரைக் கேட்பதில்லை. பதிலைக் குப்பையில் போட்டாலும் போகட்டும், ஒரு வார்த்தை கேட்கலாமே என்று ஏங்கினார்.

"மக ரூமை வாடகைக்கு விடப்போறேன். தையல்கார அக்காவுக்கு," என்றாள் மனைவி.

தலைவரின் தேநீர் கசந்தது. மகள் தூரத்து ஊரில் வேலைக்குப் போய் இரண்டு வருடம். கதவுக்குப் பின்னால் அவள் மாட்டிய குடையைக்கூட அவர் அசைக்க விட்டதில்லை. அறைச் சாவி அவர் சட்டைப் பையில்.

"இந்த மசோதாவுல நான் கையெழுத்துப் போடமாட்டேன். மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்புறேன். குடியரசுத் தலைவருக்கு அந்த உரிமை உண்டு."

"காரணம்?"

"சுவரெல்லாம் ஓதம். ஜன்னல் கொக்கி உடைஞ்சிருக்கு. ஃபேன் கத்துது. இந்த ரூமுக்கு வாடகை வாங்கினா அது சுரண்டல்."

"சரி, எல்லாத் திருத்தத்தையும் சேத்தாச்சு. சுண்ணாம்பு வாளி பின்னால இருக்கு. மறுபடி அனுப்புறேன். இப்ப என்ன பண்ணணும் தலைவரே?"

குடியரசுத் தலைவர் ஒரு தடவைதான் திருப்பி அனுப்பலாம், மறுபடி வந்தால் கையெழுத்துதான் என்று துண்டறிக்கை எழுதியவரே அவர். அதை உரக்கப் படித்துக் காட்டியபோது இவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்தான் கலங்கியிருந்தது, காது நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

"எப்பப் போடணும்னு கெடு கிடையாது," என்றார், கடைசி ஆயுதமாக.

"அப்ப சாப்பாட்டுக்கும் கெடு கிடையாது."

சாவி வெளியே வந்தது.

ஒரு வாரம் உழைத்தார். கொக்கி மாற்றினார். ஃபேனுக்கு எண்ணெய் விட்டார். குடையைத் துடைத்து, மறுபடி அதே ஆணியில் மாட்டினார். ஜன்னலோரச் சுவரில் மகள் சின்ன வயதில் கரிக்கட்டியால் எழுதிய முழக்கம் இருந்தது: 'கணக்கு ஒழிக'. அந்த இடத்தை மட்டும் விட்டுச் சுற்றிலும் சுண்ணாம்பு அடித்தார்.

ஞாயிறு காலை வாசலில் ஆட்டோ நின்றது. தையல்கார அக்காவை வரவேற்க, முகத்தை எவ்வளவு கடுமையாக வைக்க முடியுமோ வைத்துக்கொண்டு போனார்.

மகள் இறங்கினாள். "என்னப்பா, மூக்கெல்லாம் சுண்ணாம்பு?"

தலைவர் மனைவி பக்கம் திரும்பினார். "தையல்கார அக்கா?"

"அவங்களுக்கென்ன, சொந்த வீடு இருக்கு. ரெண்டு வருஷமா ஜன்னலைச் சரி பண்ணுங்கன்னு கெஞ்சினேன், கேட்டீங்களா?"

"மக வர்றான்னு சொல்லியிருந்தா பண்ணியிருக்கமாட்டேனா?"

"பண்ணியிருப்பீங்க. அந்த உடைஞ்ச ஜன்னல்ல நின்னு தெருவையே பாத்துக்கிட்டு இருந்திருப்பீங்க."

உண்மைதான். தலைவர் தொண்டையைச் செருமினார். "முடிவு எடுத்தா எனக்குத் தெரிவிக்கணும். பிரதமரோட கடமை அது."

"இப்பத் தெரிவிச்சாச்சு," என்று அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மகள் அறைக்குள் போனாள். கரி எழுத்தைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் சிரிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா, நான் எத்தனை நாள் இருக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

கேட்டுவிட்டாள். எத்தனை வருட ஏக்கம். இனி எங்கேயும் போகாதே என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"ரெண்டு வாரம். திரும்பறதுக்கு டிக்கெட் போட்டாச்சு," என்றது சமையலறை.

தலைவர் நிமிர்ந்து நின்றார். ஆலை வாசலில் முழங்கிய அதே குரலில், அரசு எழுதிக் கொடுத்த உரையை ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்தார்:

"ரெண்டு வாரம்."