குளிர மறுத்த பெட்டி

பெட்டியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. திரையைப் பார்த்தால் தொண்ணூறு டிகிரி.

அளவுகோல் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். கிணற்றுக்குள் கிடந்த கல்லைப்போல் குளிர்ந்திருந்தது பெட்டி. திரையின் மூலையில் இருந்த சிவப்பு எண் மட்டும் தொண்ணூற்றொன்றுக்கு ஏறியது.

அளவுகோல் என்பது ஆஃபீஸில் வைத்த பெயர். பேனாவைக்கூட மேஜை விளிம்புக்கு நேராக வைக்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆஃபீஸ் மேஜையில் எது எங்கே இருக்கிறதோ அதுவேதான் வீட்டு மேஜையிலும். இரண்டு கம்ப்யூட்டர் திரையிலும் ஒரே நீல மலைப் படம், ஒரே வரிசையில் ஐகான்கள். கை தடுமாறக் கூடாதாம்.

இப்போது தடுமாறியது மனசு. இனிமேல் கட்டப்போகிற ஒரு ஆஸ்பத்திரிக்குள் நடந்துபோவதுபோல் ஒரு அனிமேஷன் படம். திங்கட்கிழமை காலை அதைக் காட்டியாக வேண்டும். "படம் வரலைன்னா நீயும் வர வேண்டாம்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாதாரண வேகத்தில் விட்டால் கம்ப்யூட்டர் அதை வரைந்து முடிக்கப் புதன்கிழமை ஆகிவிடும். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், திரையில் இருந்த வேகக் கருவியைத் திறந்து, ப்ராசஸரை அதன் சக்திக்கு மேல் முடுக்கிவிட்டான். அன்றிலிருந்துதான் இந்தக் கூத்து.

சனிக்கிழமை மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் கடையில் வேலை. போன மாதம், ஆஃபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்க்க வழி செய்து கொடுத்ததும் அவன்தான். "பட்டனை அமுக்கினா நேரா வேலையில போய் நிக்கும் மாமா. நடுவுல ஒரு க்ளிக்கூட கிடையாது" என்று பெருமையாகச் சொல்லியிருந்தான்.

"பழைய வாட்டர் கூலர் உங்க வேகத்துக்குத் தாங்காது மாமா. பெருசா போட்டுடலாம்."

பெட்டியின் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தார்கள். ப்ராசஸர் சூட்டைத் தண்ணீர் ஓட்டித் தணிக்கிற புதிய ரேடியேட்டருக்கு மூன்று விசிறிகள், விரல் தடிமனுக்குக் குழாய்கள். ப்ராசஸர் மேல் பட்டாணியளவு பசை வைத்து, பம்ப்பை அழுத்தி, குறுக்காகக் குறுக்காகத் திருகு முடுக்கி, அடியில் காகிதம் விரித்து ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள்.

"குழாயில காத்து நிக்கக் கூடாது மாமா. சாய்ச்சுப் பிடிங்க. பச்சப்புள்ளைக்கு ஏப்பம் வர வைக்கிற மாதிரி மெதுவா தட்டுங்க."

பெட்டி களக் என்றது. யாரோ இருட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததுபோல் இருந்தது. மச்சினனுக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அளவுகோல் பட்டனை அமுக்கினான். திரை விழித்தது. தொண்ணூற்றிரண்டு டிகிரி.

"இப்பத்தானே ஆன் பண்ணேன்?" என்றான், யாரிடமென்று இல்லாமல்.

அதைவிட ஒன்று இருந்தது. நாற்பது சதவீதத்தில் விட்ட படம் ஐம்பத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் முழுக்க உயிரில்லாமல் குடல் வெளியே தெரியக் கிடந்த பெட்டி, அவனுக்குத் தெரியாமல் வேலை பார்த்திருந்தது.

மச்சினனுக்கு ஃபோன் போட்டான்.

"நாற்பதுன்னு நீங்க சரியா பாத்தீங்களா மாமா?"

அந்தக் கேள்வி போதும். கேஸை அணைத்தோமா என்று வாசல் வரை போய்த் திரும்பி வருகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? "தப்பா பாத்திருப்பேன்" என்று ஃபோனை வைத்துவிட்டான்.

புதிய கூலர் இருக்கும் தைரியத்தில் வேகத்தை இன்னும் ஒரு படி ஏற்றினான். எண் தொண்ணூற்றைந்து. பசையைத் துடைத்துப் புதிதாக வைத்தான். தொண்ணூற்றாறு. ரேடியேட்டரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டான். ஏசியைக் கடைசி வரை குறைத்தான். ஃப்ரீசரிலிருந்த ஐஸ் அத்தனையையும் குழாயைச் சுற்றிப் பையில் கட்டினான். தொண்ணூற்றேழு.

மனைவி ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் போர்வையும் சுற்றிக்கொண்டு வந்து பெட்டியைத் தொட்டாள். கையை வெடுக்கென்று இழுத்தாள்.

"என்னங்க இது, செத்த உடம்பு மாதிரி இருக்கு?"

"தொண்ணூத்தேழு டிகிரி ஜுரம் அதுக்கு."

"அதுக்கா, உங்களுக்கா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரு அடங்கிக் கிடந்தது. பம்ப் மட்டும் களக், களக் என்று குடித்துக்கொண்டிருந்தது. அளவுகோல் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகி உட்கார்ந்திருந்தான். படம் தொண்ணூறு சதவீதம். ஆளில்லாத ஆஸ்பத்திரித் தாழ்வாரம் ஒன்று திரையில் மெல்ல மெல்ல வெளிச்சமாகிக்கொண்டிருந்தது.

அப்போது மவுஸின் அம்பு நகர்ந்தது.

அவன் கை கக்கத்தில்தான் இருந்தது. அம்பு நடுங்கியபடி ஒரு வட்டம் போட்டு, பெட்டியின் சூட்டை அவன் குறித்து வைக்கத் திரையில் திறந்திருந்த குறிப்புப் பக்கத்தில் போய் நின்றது.

"இங்க வாயேன்" என்றான். மனைவி வந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அளவுகோல் ஒரு விரலை நீட்டித் தட்டினான்: யாரது?

ஒவ்வொரு எழுத்தாக, தேடித் தேடித் தட்டுவதுபோல் பதில் வந்தது: நீ யாரு

"என்னங்க, அது உங்களை வா போங்குது!"

அவன் தட்டினான்: நான் இங்கேதான் இருக்கிறேன்.

பதில்: இங்க யாரும் இல்ல. நாற்காலி காலி

அளவுகோல் மெல்லக் குனிந்து தன் நாற்காலியைப் பார்த்தான். முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். இருந்தது. இருந்தாலும் சந்தேகம் போகவில்லை.

"நான் தெரியறேன்ல?"

"போர்வைக்குள்ள வாங்க முதல்ல!"

எண் தொண்ணூற்றொன்பது. வேகத்தைக் குறைக்க அம்பை இடப்பக்கம் இழுத்தான். அது வலப்பக்கம் இழுத்தது. அவன் பல்லைக் கடித்து இழுக்க, அதுவும் விடாமல் இழுத்தது. சட்டென்று திரை இருண்டது.

மனைவி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மறுகணம் நீல மலை வந்தது. மூலையில் பச்சை நிறத்தில் எண்: இருபத்திரண்டு டிகிரி.

"குளிர்ந்துடுச்சு! பாத்தியா? பெரிய கூலர்னா பெரிய கூலர்தான்! கொஞ்சம் டைம் எடுத்துக்கிச்சு, அவ்வளவுதான்."

"ஓடிட்டிருந்த படம் எங்கங்க?"

"எங்கயாவது சேவ் ஆகியிருக்கும். தேடினா கிடைக்கும்."

தேடிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. ஆஃபீஸ் காவலாளி. இரண்டு நாளாக ஒரு நல்ல சேதிகூடக் கேட்காத அளவுகோல், எண் இறங்கிய சந்தோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லுங்கண்ணே!"

"சார், லீவு நாள்ல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோங்க. உங்க சீட்டு கம்ப்யூட்டர் ரெண்டு நாளா ஆளே இல்லாம தானா ஓடுது, அம்பு தானா நகருது, யாருன்னு கேட்டா 'நான் இங்கேதான் இருக்கிறேன்'னு எழுதுது, கடைசில புகையே வந்துடுச்சு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், ஒயரைப் பிடுங்கிட்டு ஒரு வாளித் தண்ணியை அப்படியே உள்ள ஊத்திட்டேன், இப்போ தொட்டா ஜில்லுனு இருக்கு!"