எந்திரத் தேர்வுக் குழுவின் ஒன்பதாவது கூட்டம்

காலை பத்து நாற்பதுக்குத் திண்டுக்கல்லில் மனித அறிவு இன்னும் ஒரு படி ஏறியது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மூன்றாவது மாடியில், 'எந்திரத் தேர்வுக் குழு' ஒன்பதாவது முறையாகக் கூடியது.

தீபா கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விவசாயிகளுக்கு மழை எச்சரிக்கை அனுப்பும் கணினி நிரலை எழுதியவள் அவள். எழுதியவர்கள் கடைசியில் உட்காருவது அந்த அலுவலகத்தின் நாகரிகம்.

நிரல் பைத்தான் மொழியில் இருந்தது. மொழி ஒன்றுதான், அதைப் படித்து ஓட்டும் மென்பொருள் எந்திரங்கள் பல. அலுவலகத்தில் இருந்த சிபைத்தான் மழைக் கணக்கைப் போட்டு முடிக்க நான்கு மணி நேரம் எடுத்தது. தீபா அதை பைபை என்ற வேறொன்றில் ஓட்டிப் பார்த்தாள். ஓர் எழுத்தும் மாற்றவில்லை. இருபது நிமிடம்.

இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டாள். அவசர முடிவு என்னும் இழிநிலைக்குக் குழு இறங்கவில்லை. அனுமதியின்றி ஓட்டிப் பார்ப்பதை மட்டும் உடனே தடை செய்தது.

அன்று காலை குஜிலியம்பாறையிலிருந்து அவள் அப்பா கண்ணுசாமி கூப்பிட்டிருந்தார். பிடுங்கிய கடலை காட்டில் காய்கிறது, மேகம் ஒரு மாதிரி இருக்கிறது, அள்ளிவிடவா என்று கேட்டார். போன வாரம் மேகத்தை நம்பி ஆள்விட்டு அள்ளினார், வெயில்தான் கொளுத்தியது. மெசேஜ் வரட்டும் என்றாள் தீபா.

தலைவர் ஆரோக்கியதாஸ் தொண்டையைச் செருமினார். 'நேர்மையான போட்டி' நடக்கும் என்றார். இரண்டு எந்திரத்துக்கும் ஒரே நிரல். தீபாவின் மழை நிரலோ குழுவில் எவருக்கும் புரியாது. எனவே எல்லோருக்கும் புரியும்படி ஒன்றை அவரே எழுதி வந்திருந்தார். அது திரையில் 'வணக்கம்' என்று காட்டும். அதோடு முடிந்துவிடும்.

ஓட்டினார்கள். சிபைத்தான் முந்தியது.

"பைபை சூடேறச் செத்த நேரம் ஆகும் சார். பெரிய கணக்குலதான் அதோட வேகம் தெரியும். நம்ம கணக்கக் குடுத்துப் பாருங்க."

"ஒரு வணக்கம் வைக்கவே இம்புட்டு யோசிக்குது. இத நம்பி மழைய எப்படிம்மா ஒப்படைக்கிறது?"

ஏற்கெனவே இருந்த எந்திரமே ஏகமனதாகத் 'தேர்ந்தெடுக்கப்பட்டது'. எட்டு மாத உழைப்பு வீண்போகவில்லை. போண்டா வந்தது.

பதினொன்றுக்கு வானிலைத் தரவு வந்தது. சிபைத்தான் கணக்கைத் தொடங்கியது. ஒரு மணிக்கு ஜன்னலில் சாரல் அடித்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுத் தீர்மானத்தில் கையெழுத்திட்டார்கள். தீபா அப்பாவை அழைத்தாள். அவர் எடுக்கவில்லை.

மூன்று மணிக்குக் கணக்கு முடிந்து, எச்சரிக்கை ஊர் ஊராகப் போனது: 'இன்று பகல் ஒரு மணிக்குக் கனமழை.' ஆரோக்கியதாஸ் கடிகாரத்தையும் ஜன்னலையும் பார்த்தார். நிமிடம்கூடப் பிசகாத இத்துல்லியத்தைக் குறிப்பேட்டில் பதியச் சொன்னார்.

தீபாவின் போன் அடித்தது.

"ஒரு மணிக்கு மழை வரும்னு இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு தாயி. கடலை பூராம் தண்ணியில மெதக்குது. அள்ளவா, இல்ல உங்க ஆபீஸ்ல கேட்டுட்டுச் சொல்றியா?"