பொங்கியண்ணனுக்குப் பத்து மார்க்

"கூட வந்திருக்கறது யாருங்க?" என்று டாக்டர் சுந்தரராஜுலு கேட்டார்.

"நாந்தானுங்க" என்றார் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தவர்.

டாக்டர் கையிலிருந்த அட்டையில் பத்து என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ஒன்பது என்று போட்டார்.

"அவசரமில்லை. நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. கூட வந்தது யாரு?"

"இதுல ரோசனை பண்ண என்னங்க இருக்குது? நாந்தான் வந்தேன்."

ஒன்பது எட்டாயிற்று.

இரண்டு மணி டூட்டிக்கு வந்து பத்து நிமிடமே ஆகியிருந்த நர்ஸ் மெர்சி, டாக்டரின் காதோரம் குனிந்து, மயக்கம் இன்னும் தெளியவில்லையா என்று கேட்டாள். மயக்கம் தெளிந்துவிட்டது, புத்திதான் இன்னும் வந்து சேரவில்லை என்றார் டாக்டர். அரை மணி நேரம் பொறுத்து மறுபடி பார்ப்பது என்று முடிவாயிற்று.

டாக்டர் சுந்தரராஜுலுவுக்கு அந்த அரை மணி நேரம் லேசுப்பட்டதல்ல. ஐந்து மணிக்குள் இந்த ஆள் வீட்டுக்குக் கிளம்பியாக வேண்டும். அட்டையில் பத்துக்குப் பத்து மார்க் இருந்தால்தான் அனுப்பலாம் என்பது விதி.

அவர் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். பதினேழு வருடத்தில் கோயமுத்தூரில் பாதிப் பேரைத் தூங்க வைத்து எழுப்பியிருக்கிறார். எழுந்தவர்கள் எல்லாம் கத்தி பிடித்தவருக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துவிட்டு, இவரைத் தாண்டிப் போய் லிஃப்ட் எங்கே என்று இவரிடமே கேட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் அவருடைய செய்தி மடல். காலையில் ஆபரேஷன் செய்து மாலையில் வீட்டுக்கு அனுப்பும் நோயாளிகளுக்கு மயக்கம் கொடுக்கிற டாக்டர்களுக்காக, ஆங்கிலத்தில், மாதம் நான்கு பக்கம். முதல் பக்கம் தொழில் செய்திகள்: ஆசிரியர் எந்த ஊர் மாநாட்டுக்குப் போனார். இரண்டாம் பக்கம் நோயாளி பராமரிப்பு: ஆசிரியர் யாரை எப்படிக் கவனித்துக்கொண்டார். மூன்றாம் பக்கம் ஆசிரியர் மாநாட்டில் பேசிய பேச்சு. நான்காம் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை விளம்பரம்; அது அச்சக முதலாளி உமர் பாரூக்குடையது. படித்தவர்கள் நான்காம் பக்கத்தைத்தான் பாராட்டினார்கள்.

ஒரே ஒரு குறை. அன்றே வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி இரண்டு வருடமாக எழுதியும், 1996 ஆவணி வரை அந்த நர்சிங் ஹோமிலிருந்து ஒருவரையும் அன்றே அனுப்பியதில்லை. ஒரு பல்லைப் பிடுங்கினாலும் மூன்று நாள் படுத்தால்தான் நம் ஆட்களுக்குத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை மயக்க டாக்டர்கள் கூட்டம். நூற்றைம்பது பேர் வருகிறார்கள். 'காலையில் அறுவை, மாலையில் வீடு' என்று முதல் பக்கத் தலைப்பு கணபதிப் பகுதியில் இருந்த உமர் பாரூக்கின் அச்சகத்தில் அச்சுக் கோத்தாகிவிட்டது. நடுவில் போட்டோவுக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடத்துக்கு உரியவர்தான் பொங்கியண்ணன், வயது நாற்பத்தாறு, உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு, முதுகில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கொழுப்புக் கட்டி. காலை எட்டு மணிக்கு ஒருக்களித்துப் படுக்க வைத்து, பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் புது மருந்தை ஏற்றி, அரை மணியில் முடித்தாயிற்று. அடுத்து இரண்டு கேஸ்கள் இருந்ததால் டாக்டர் இப்போதுதான் அறைக்கு வந்திருக்கிறார்.

முகம் அவருக்கு முக்கியமில்லை. தொப்பியும் மாஸ்க்கும் போட்ட பிறகு எல்லா முகமும் ஒன்றுதான். ஆட்களை நரம்பை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்று மூன்றாம் பக்கத்தில் ஒருமுறை பெருமையாக எழுதியிருந்தார்.

இப்போது அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். காலையில் நூல் மாதிரி இருந்த நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. ஊசி குத்திய தடத்தைத் தேடினார், கிடைக்கவில்லை.

"பாத்தீங்களா சிஸ்டர், குத்துன எடமே தெரியலை. கைராசின்னா இதுதான்."

அதையும் குறித்துக்கொண்டார். தையல் போட்ட முதுகின் மேலேயே மல்லாந்து படுத்திருக்கிறார், வலி இல்லை என்கிறார் என்பதையும் இரண்டு கோடு போட்டு எழுதினார். கட்டை மூன்றாம் நாள்தான் பிரிக்க வேண்டும் என்று அறுவை செய்தவர் எழுதிவிட்டுப் போயிருந்ததால் முதுகுப் பக்கம் யாரும் போகவில்லை.

வாசலில் ஆயா கருப்பாத்தாள் வந்து நின்றாள். "டாக்டரய்யா, ஒண்ணு சொல்லோணுங்க."

"பேஷண்ட் கெளம்பட்டும் ஆயாம்மா, அப்புறம் சொல்லுங்க. இப்பப் போயி நல்ல டிகாக்‌ஷனா மூணு காபி வாங்கிட்டு வாங்க."

புத்தியை வரவழைக்கக் காபிதான் வழி என்று டாக்டருக்குத் தோன்றியது. மூன்றையும் கட்டில்காரரே குடித்தார். புத்தி வந்ததோ இல்லையோ, நாடி நூற்றுப் பத்துக்குப் போயிற்று. நாடிக்கு இரண்டு மார்க். எட்டு ஆறாயிற்று.

காலி வயிற்றில் காபி போனதுதான் காரணம் என்று மெர்சி சொன்னாள். இட்லி வந்தது. சாப்பிட்டது குமட்டக்கூடாது என்பதும் விதிகளில் ஒன்று என்பதால் டாக்டர் பக்கத்திலேயே நின்று எண்ணினார். ஒன்பது இட்லி போயிற்று. குமட்டவில்லை. விக்கல் வந்தது. விக்கல் புது மருந்தின் பக்கவிளைவாக இருக்குமோ என்ற கவலையில் டாக்டரின் முகம் வெளுத்தது. இரண்டாம் பக்கத்தில் விக்கலுக்கு இடமில்லை.

விக்கலுக்குத் தண்ணீர். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு. மூன்றாவது சொம்பில் விக்கல் நின்றது.

"இனி ஒண்ணுக்குப் போயிட்டு வந்துட்டீங்கன்னா ஊட்டுக்குப் போயிரலாமுங்க" என்றார் டாக்டர். அதுவும் விதிதான்.

"மாட்டேனுங்க."

"வரலீங்களா?"

"வருதுங்க. முட்டுது. ஆனா பெட்டை உட்டு எந்திரிக்க மாட்டேன். அவரு வாராம எந்திரிக்கக்கூடாதுன்னு சொல்லிப்போட்டுப் போயிருக்கறாரு. எந்திரிச்சா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாமா."

"எவரு?"

"ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறவரு. வேனு அவருகிட்டத்தான இருக்குது."

"மொதல்ல கூட வந்தது நாந்தான்னு சொன்னீங்களே?"

"ஆமாங்க. நாந்தான் வந்தேன்."

டாக்டர் மெர்சியைப் பார்த்தார். மெர்சி ஜன்னலைப் பார்த்தாள்.

உமர் பாரூக் அதற்குள் இரண்டு தடவை போன் செய்திருந்தார். முகூர்த்த மாசம், கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள், ஐந்து மணிக்குள் போட்டோ எடுத்தாகாவிட்டால் இந்த வாரம் மிஷின் கிடைக்காது என்று பணிவாகச் சொன்னார். மூன்றாவது முறை, கேமராவைத் தூக்கிக்கொண்டு தானே வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

டாக்டர் கெஞ்சினார். விளக்கினார். நோயாளி நடமாடினால்தான் ரத்த ஓட்டம் என்று இரண்டாம் பக்கக் கட்டுரையைத் தமிழில் சொன்னார். கட்டில்காரர் கால்களைப் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கொங்கு நாட்டில் ஒருவர் மாட்டேனுங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

கடைசியில் ஒரு சமரசம் அவர் வாயிலிருந்தே வந்தது. "நீங்க இதுல கொஞ்சம் படுத்திருக்கறீங்களா? பெட்டு காலியாத் தெரியாதுல்லீங்க. ஓடிப் போயிட்டு ஓடி வந்தர்றேன்."

ஒரு முதல் பக்கத்துக்காக மனிதன் என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது. டாக்டர் ஷூவைக் கழற்றினார். படுத்தார். உட்கார்ந்தால் போதாதா என்று கேட்டதற்கு, போதாது என்று பதில் வந்ததால் போர்வையும் போர்த்திக்கொண்டார்.

கட்டில்காரர் நேர்க்கோட்டில், தள்ளாடாமல், அம்பு மாதிரி ஓடினார். நடைக்கு இரண்டு மார்க் என்று டாக்டர் படுத்தபடியே குறித்தார்.

அப்போதுதான் உமர் பாரூக் உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார். கேமராவை எடுத்தார்.

"டாக்டரே, முதல் பக்கத்துல நீங்க இருப்பீங்கன்னு தெரியும். நோயாளியாவும் நீங்களேதான் இருக்கோணுமா?"

டாக்டர் எழுந்து ஷூவுக்குள் காலைத் திணிப்பதற்குள் கட்டில்காரர் திரும்பி வந்து, கட்டிலின் சூடு ஆறும் முன் பழையபடி மல்லாந்துவிட்டார். மணி நாலரை.

அந்த நேரத்தில், கடவுளே அனுப்பியதுபோல, வேன்காரர் வந்து சேர்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் ஒரு பிளாஸ்திரி, அதன் மேல் கிரீஸ். கிணற்று மோட்டார் புகைந்துபோனதைக் கணபதியில் காயில் கம்பி சுற்றக் கொடுத்திருந்ததாகவும், அதை வாங்கி, கடைக்காரரும் தானுமாகத் தூக்கி வேனில் வைத்துவிட்டு வருவதாகவும் சொன்னார். மூன்று பேஸ் கரண்ட் வருவதற்குள் தோட்டம் போய்ச் சேர வேண்டும், கிளம்பலாமா என்று அவரே கேட்டார்.

பதினேழு வருடத்தில் டாக்டரிடம் யாரும் இவ்வளவு இனிமையாகப் பேசியதில்லை.

"உங்களைத்தானுங்க தேடிட்டு இருந்தேன். பொறுப்பான ஆளு ஒருத்தரு கையெழுத்துப் போட்டாத்தான் அனுப்ப முடியும்."

"எங்க போடோணும்?"

"இருங்க. மொதல்ல கேட்டுக்கோணும். மயக்க மருந்து குடுத்தவரு இருபத்துநாலு மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது."

வேன்காரர் டாக்டரைப் பார்த்தார், கட்டில்காரரைப் பார்த்தார், கடைசியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இவனுக்கு ஓட்டவே தெரியாதுங்க" என்றார்.

"வெயிட்டுத் தூக்கக்கூடாது. மோட்டாரு பக்கமே போகக்கூடாது."

"இவனைத் தொட விட மாட்டேனுங்க. எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்."

"முக்கியமா, எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்துப் போடக்கூடாது. மருந்து வேகத்துல எதுல போடறோம்னே தெரியாது."

"செரிங்க" என்று சொல்லி வேன்காரர் கையெழுத்துப் போட்டார். அது படிக்கிற மாதிரி இல்லை. யாரும் படிக்கவும் இல்லை.

"எந்திரிடா, போலாம்" என்றதும் கட்டில்காரர் துள்ளி எழுந்தார். டாக்டர் நாடியைப் பார்த்தார்; எழுபத்தாறு. கடைசியாக ஒருமுறை, கூட வந்தது யார் என்று கேட்டார். கட்டில்காரர் வாயைத் திறப்பதற்குள் வேன்காரர் அவசரமாக, "நாந்தானுங்க, நாந்தான். உடுங்க, நேரமாச்சு" என்றார். டாக்டர் நிறைவோடு பத்துக்குப் பத்து என்று எழுதி அடியில் கோடிட்டார்.

வாசல் போர்டிகோவில் போட்டோ எடுத்தார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்போடு இடது பக்கம், கட்டில்காரர் கும்பிட்டபடி நடுவில். வேன்காரரின் தோள் சட்டத்துக்குள் வந்ததால், அண்ணா நீங்க கொஞ்சம் ஒதுங்கிக்குங்க என்று உமர் பாரூக் கேட்டுக்கொண்டார். அவரும் ஒதுங்கிக்கொண்டார். முதுகைத் தூணில் சாய்க்கப் போனவர், என்னவோ நினைத்து நிமிர்ந்து நின்றார்.

உமர் பாரூக்கின் ஸ்கூட்டர் முதலில் போயிற்று. பின்னாலேயே மோட்டாரும் இரண்டு பேருமாக வேன் கிளம்பியது. அவிநாசி ரோட்டில் அது திரும்பி மறையும் வரை டாக்டர் கையாட்டினார். மணி நாலே முக்கால். நூற்றைம்பது பேர் கைதட்டுவது அவர் காதில் இப்போதே கேட்டது.

படியில் கருப்பாத்தாள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இன்று யாரிடமும் கோபித்துக்கொள்ள டாக்டருக்கு மனமில்லை.

"ஆயாம்மா, என்னமோ சொல்லோணும்னீங்களே. இப்பச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க டாக்டரய்யா. இப்ப வேனை ஓட்டிட்டுப் போறாரே, காலையில அவரைத்தானுங்க நான் தேட்டருல இருந்து ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டு வந்தேன்."